போகிக்கு முன் ஒரு வேண்டுகோள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

மார்கழி பாதி ஆகிவிட்டது. இன்னும் இரண்டு வாரத்தில் போகி. பரணில் இருப்பதெல்லாம் கீழே இறங்கும். கிழிந்த பாயும் உடைந்த முறமும் போகட்டும், கவலையில்லை. ஆனால் அதோடு சேர்த்துப் பழைய ஆல்பம், செல்லரித்த கல்யாணப் பத்திரிகை, செல்லாத ரேஷன் கார்டு, தாத்தாவின் வரவு செலவு நோட்டு எல்லாம் ஒன்று நெருப்புக்குப் போகும், இல்லையென்றால் கிலோக் கணக்கில் பழைய பேப்பர்க்காரரிடம் போகும். அதற்கு முன்பாக இதை எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

"சார், நம்ம பெரும்பாக்கத்து வரலாற்றை நீங்க எழுதணும்" என்று உங்களில் பல பேர் கேட்டிருக்கிறீர்கள். எழுதலாம். எதை வைத்து எழுதுவது? நிலம் யார் பெயரில் இருந்தது, தீர்வை எவ்வளவு என்று அரசாங்கப் பதிவேடு சொல்லும். ஏரிக்கரையில் நின்று நாற்று முடி வீசியவர் யார், எந்தக் கிணற்றில் தண்ணீர் இனித்தது, எந்த வருஷம் எந்த வீட்டுக்கு முதலில் கரண்டு வந்தது என்று அது சொல்லாது. அதெல்லாம் உங்கள் வீட்டுப் பீரோவில், துணிக்கு அடியில், ஒரு பிளாஸ்டிக் கவரில் இருக்கிறது.

இது மிகைப்படுத்திச் சொல்வதில்லை. நம் பக்கத்துக்கே ஓர் உதாரணம் உண்டு. 1763-ல் ஆற்காட்டு நவாப் முகமது அலி, சென்னையைச் சுற்றியிருந்த செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கையில் வந்த சீமையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, தாமஸ் பர்னார்ட் என்கிற பொறியாளரை வைத்துக் கம்பெனி ஊர் ஊராக அளந்தது. 1767 முதல் 1774 வரை நடந்த வேலை. ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்கள். ஊர்க் கணக்குப்பிள்ளைகள் வீடு எத்தனை, ஏரி எத்தனை, நன்செய் எவ்வளவு, தச்சருக்கும் குயவருக்கும் வெட்டியானுக்கும் கோயிலுக்கும் விளைச்சலில் எவ்வளவு பங்கு என்று ஓலையில் எழுதிவைத்திருந்தார்கள். அதைத் திரட்டி ஆங்கிலத்தில் எழுதிய சுருக்கம் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. விரிவான ஓலைக் கணக்குகள் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. நம் பழைய மாமல்லபுரம் சாலையிலேயே தெற்கே போனால் வருகிற திருப்போரூருக்கும், வடக்குப்பட்டு என்கிற ஊருக்கும் உரிய கணக்குகளை எடுத்து 2001-ல் ஒரு புத்தகமாகவே போட்டார்கள். இருநூற்று ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு ஊரை வீடு வீடாகப் பார்க்கலாம்.

அந்தக் கணக்குப்பிள்ளைக்கு நாம் வரலாறு எழுதுகிறோம் என்ற நினைப்பா இருந்திருக்கும்? நெல்லுக்குக் கணக்கு எழுதினார், அவ்வளவுதான். ஓலை பிழைத்தது, ஊர் நமக்குக் கிடைத்தது.

ஓலை என்றதும் உ.வே.சா. கதை வரும் என்று நினைத்திருப்பீர்கள். வகுப்பில் சொல்லிச் சொல்லி உங்களுக்குச் சலித்திருக்கும். பெசன்ட் நகர் நூலகத்துக்கு அழைத்துப் போனதும் நினைவிருக்கும். அதனால் அவரை விட்டுவிடுகிறேன். அதிகம் பேர் அறியாத இன்னொருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூர். அங்கே ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதுவது தொழில். பேராசிரியர் இல்லை, பட்டம் எதுவும் பெயருக்குப் பின்னால் இல்லை. 1950 வாக்கில் பழைய புத்தகம் சேர்க்க ஆரம்பித்தவர், புத்தகத்தோடு நிற்கவில்லை. பத்திரிகை, நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாண அழைப்பிதழ், கடிதம் என்று அடுத்தவர் கழித்துப் போடுவதை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டார். ஊரில் சிரித்திருப்பார்கள். நாலணா பெறாத நோட்டீசை எதற்கு இரும்புப் பெட்டியில் வைக்கிறாய் என்று கேட்டிருப்பார்கள். 1992-ல் அவர் காலமானபோது வீட்டில் ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. தமிழ் அச்சு வரலாற்றை எழுதுகிறவர்கள் அதைத் தாண்டிப் போக முடியாது என்கிற நிலை.

அடுத்து என்ன நடந்தது என்பதைக் கவனியுங்கள். அதை வாங்க முன்வந்தது சிகாகோ பல்கலைக்கழகம். நல்லவேளை, கப்பலில் ஏற்றிக்கொண்டு போகவில்லை. சென்னையிலேயே ஒரு நூலகமாக அமைத்து, நுண்படம் எடுத்துப் பாதுகாக்க ஏற்பாடு செய்தார்கள். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் என்ற பெயரில் முதலில் முகப்பேரில் இருந்தது. இப்போது தரமணியில் இருக்கிறது. பெரும்பாக்கத்திலிருந்து அரை மணி நேரப் பயணம். வாசலைத் தாண்டித் தினமும் வேலைக்குப் போகிறவர்கள் உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஒருநாள் உள்ளே போய்ப் பாருங்கள்.

அழைப்பிதழில் என்ன பெரிய வரலாறு என்று கேட்கலாம். என் அத்தை கல்யாணப் பத்திரிகை ஒன்று என்னிடம் இருக்கிறது. மஞ்சள் தடவிய நாலு மூலையும் பழுப்பாகிவிட்டது. "மன்மத வருஷம் ஆவணி மாதம்" என்று இருக்கிறது, அது 1955. மண்டபம் கிடையாது, "பெண் வீட்டுப் பந்தலில்" என்று போட்டிருக்கிறது. முகூர்த்தம் விடியற்காலை. தாம்பரம் ரயிலடியில் வண்டி காத்திருக்கும் என்று கீழே ஒரு வரி. வண்டி என்றால் மாட்டு வண்டி. மின்சார ரயில் 1931 முதலே கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை ஓடியது. தாம்பரத்துக்குக் கிழக்கே எங்கள் சனங்களுக்கு மாடுதான். பட்டணத்துக்காரர் மின்சார வண்டியில் வந்து இறங்கி மாட்டு வண்டியில் ஏறிக் கல்யாணத்துக்குப் போன காலம் அந்த ஒரு வரியில் இருக்கிறது. அச்சகத்தின் பெயர் கடைசியில் பொடி எழுத்தில். யார் யார் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் இருந்தது, அடுத்த தலைமுறைப் பத்திரிகையில் யார் அதை விட்டார்கள் என்பதும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிகிறது. இப்போது கூச்சமாக இருக்கிறது என்று சிலர் அந்தப் பகுதியைக் கத்தரித்து வைக்கிறார்கள். வேண்டாம். இருந்தது இருந்தபடி இருக்கட்டும்.

இதில் ஒரு வேடிக்கை. மன்மத வருஷம் அறுபது ஆண்டு கழித்து 2015-ல் மறுபடியும் வந்தது. அந்தக் கார்த்திகையில்தான் வெள்ளம். ஆங்கில வருஷத்தையும் சேர்த்து எழுதிவையுங்கள் என்று நான் படித்துப் படித்துச் சொல்வது இதனால்தான்.

இலங்கையில் யாழ்ப்பாணத்துக்காரர்கள் முப்பத்தொன்றாம் நாளுக்கு நினைவு மலர் அச்சிடுவார்கள். அதற்கே "கல்வெட்டு" என்றுதான் பெயர். இறந்தவரின் வம்சாவளி, ஊர், உறவு எல்லாம் அதில் வரும். 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 90,000-க்கு மேற்பட்ட நூல்கள் சாம்பலாயின. அந்த வலியைக் கண்ட சமூகம் 2005-ல் நூலகம் என்ற இணையத் திட்டத்தை ஆரம்பித்தது. பெரிய பெரிய நூல்களோடு இந்த நினைவு மலர்களையும் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து ஏற்றிவருகிறார்கள். வீட்டுக்கு வீடு கிடந்த சின்னப் புத்தகம் இன்று ஊர் ஊராக வம்ச வரலாறு தேடுகிறவர்களுக்குக் கைவிளக்கு.

சரி, நம் ஊருக்கு வருகிறேன்.

பெரும்பாக்கம் என்று இன்று சொன்னால் இரண்டு ஊர். ஒன்று ஏரியும் வயலுமாக இருந்த பழைய கிராமம். மேடவாக்கம், சித்தாலப்பாக்கம், ஒட்டியம்பாக்கம் என்று சுற்றிலும் பாக்கம் பாக்கமாக ஏரிகள். மிகுந்த தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போகும். 2022-ல் அந்தச் சதுப்புக்கு ராம்சார் அங்கீகாரம் வந்ததை எழுதியிருந்தேன். அந்தப் பழைய வீடுகளில் பத்திரமும் சிட்டாவும் பத்திரமாக இருக்கும், நிலம் என்பதால். மேலே போட்டிருக்கிற மாவட்டப் பெயரை மட்டும் பாருங்கள்: செங்கல்பட்டு, பிறகு செங்கை எம்.ஜி.ஆர்., 1997-க்குப் பின் காஞ்சிபுரம், 2019-க்குப் பின் திரும்பவும் செங்கல்பட்டு. வாசற்படி நகரவே இல்லை, நாலு முகவரி. ஆனால் அந்த வீடுகளில் ஏர் பூட்டிய படம் ஒன்று, ஏரியில் மீன் பிடித்த படம் ஒன்று கேட்டுப் பாருங்கள். கிடைப்பதில்லை. பிளாட் போடுவதற்கு முன்பு வயல் எப்படி இருந்தது என்பதற்கு எனக்கு இதுவரை கிடைத்தது மூன்றே படங்கள். மூன்றும் கல்யாண ஆல்பத்தில், பெண் மாப்பிள்ளைக்குப் பின்னால் தற்செயலாக விழுந்தவை.

இன்னொரு ஊர், எட்டு மாடிக் குடியிருப்புகள். குடிசை மாற்று வாரியம் கட்டியது. 2021-ல் அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. இருபதாயிரம் வீடுகளுக்கு மேல். கூவம் கரை, அடையாற்றுக் கரை என்று சென்னைக்குள்ளிருந்து அழைத்துவரப்பட்ட மக்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு வந்த குடும்பங்கள் ஏராளம். பழைய கிராமத்துக்காரர்கள் "அவங்களுக்கு என்ன வரலாறு, நேத்து வந்தவங்க" என்று என் காது படவே பேசியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர்களுக்கு வரலாறு இருக்கிறது. அது இருந்த தெருதான் இல்லை.

நான் சைதாப்பேட்டைப் பக்கம் வேலை பார்த்தது உங்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்று இங்கே வந்த பிறகு, ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் "சார், என்னைத் தெரியுதா?" என்று ஒரு அம்மாள் கையைப் பிடித்தாள். எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்த பெண். அடையாற்றங்கரையில் வீடு. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி ராத்திரி தண்ணீர் வந்தபோது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதில், ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் இருந்த கேரி பேக் மட்டும் கையோடு வந்தது. தாம்பரத்தில் அந்த ஒரு நாளில் 49 சென்டிமீட்டர் மழை. கல்யாணப் படம், அப்பா படம், குழந்தைகளின் முதல் வருஷப் படம் ஒன்றும் மிச்சமில்லை. அடுத்த வருஷம் இங்கே வீடு ஒதுக்கினார்கள். இப்போது கீழ்த்தளத்தில் இட்லிக் கடை வைத்திருக்கிறாள்.

என்னிடம் வகுப்பு குரூப் போட்டோக்கள் எல்லாம் இருக்கின்றன. 1994 படத்தைத் தேடி எடுத்தேன். தரையில் உட்கார்ந்த முதல் வரிசையில், சிலேட்டைப் பிடித்திருக்கிற பிள்ளைக்கு வலப்பக்கம் ரெட்டைச் சடையோடு அவள். பிரதி எடுத்துக் கொடுத்தேன். அவளுடைய மகள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "நீ சின்னப் பிள்ளையா இருந்தியாம்மா?" என்று கேட்டாள். அந்த வீட்டில் அதற்கு அத்தாட்சி அதுவரை இல்லை.

கேரி பேக்கில் பிழைத்த அந்தப் பழைய ரேஷன் கார்டைக் காட்டச் சொன்னேன். 2017-ல் ஸ்மார்ட் கார்டு வந்ததால் அதைத் தூக்கிப் போட இருந்தாள். கதவு எண், சந்தின் பெயர், கடை எண், உள்ளே மாதாமாதம் அரிசி, சர்க்கரை, மண்ணெண்ணெய் வாங்கிய குறிப்பு. அந்தச் சந்து இன்று தரையில் இல்லை. "இதைப் போட்டுடாதே. நீங்க அங்கே குடியிருந்தீங்கன்னு சொல்றதுக்கு இது ஒண்ணுதான் இருக்கு" என்றேன். வீடு ஒதுக்கிய சீட்டு, பயோமெட்ரிக் கணக்கெடுப்பு ரசீது, பள்ளி மாறுதல் சான்று எல்லாவற்றையும் அதோடு வைத்திருக்கிறாள். நூறு வருஷம் கழித்துச் சென்னை நகரத்தின் வரலாற்றை எழுதுகிறவன் அதைத் தேடித்தான் வருவான். நம் பெரும்பாக்கத்திலேயே செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் புதுக் கட்டடம் 2022-ல் திறந்தார்கள். இரண்டாயிரம் வருஷத்துத் தமிழுக்கு அங்கே இடம் இருக்கிறது, சந்தோஷம். எதிரே குடியிருக்கிறவர்களின் முப்பது வருஷத்துக்கு அவரவர் கேரி பேக்தான் காப்பகம்.

இனி, எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்கிறவர்களுக்கு. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் லேமினேஷன் செய்யாதீர்கள். சான்றிதழ் பளபளவென்று இருக்கிறது என்று செய்துவிடுகிறார்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்க முடியாது. உள்ளே காகிதம் மெல்ல மெல்லக் கெடும். கிழிந்ததற்குச் செலோடேப்பும் வேண்டாம். பத்து வருஷத்தில் டேப் உதிர்ந்து பசை மட்டும் மஞ்சளாக நிற்கும். எண்பதுகளில் வந்த ஆல்பம் ஞாபகமிருக்கிறதா, பசைப் பக்கத்தில் படத்தை வைத்து மேலே கண்ணாடித் தாளை மூடுவோமே, அதிலிருந்து படங்களை முடிந்தால் இப்போதே எடுங்கள். எடுக்க வராவிட்டால் பிய்க்காமல் பக்கத்தோடு அப்படியே ஸ்கேன் செய்யுங்கள்.

கறுப்பு வெள்ளைப் படங்களைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. அதில் இருப்பது வெள்ளி; தாத்தா காலத்துப் படம் இன்னும் பளிச்சென்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கலர்ப் படம் சாயம். உங்கள் கல்யாணப் படம் உங்கள் அப்பா கல்யாணப் படத்துக்கு முன்னால் வெளுத்துப் போகும். முதலில் கலர்ப் படங்களைப் பிரதி எடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். தாத்தா பாட்டி படத்துக்குக் கலர் பூசி, சிரிக்க வைத்து அனுப்புகிற செயலிகள் வந்திருக்கின்றன. விளையாட்டுக்குச் சரி. அசலைத் தனியாக வையுங்கள். என் பாட்டி சிரித்ததே இல்லை; அவளைச் சிரிக்க வைக்க எந்தச் செயலிக்கும் உரிமை கிடையாது!

வெள்ளத்தில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிய படங்களைப் பலர் குப்பையில் போட்டார்கள். ஜப்பானில் 2011 சுனாமிக்குப் பிறகு யமமோட்டோ என்கிற ஊரில் தன்னார்வலர்கள் சேற்றிலிருந்து லட்சக்கணக்கான படங்களை எடுத்துக் கழுவி, காயவைத்து, உரியவர்களிடம் சேர்த்தார்கள். பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. காய்வதற்கு முன்பே சுத்தமான தண்ணீரில் ஊறவிட்டு, மெதுவாகப் பிரித்து, படத்தின் முகத்தில் விரல் படாமல் அலசி, நிழலில் வெள்ளைத் துணிமேல் மல்லாக்க வைக்க வேண்டும். இரண்டு நாள் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். வீட்டில் பிரிண்டரில் எடுத்த படமானால் தண்ணீரில் மை கரைந்துவிடும், அதைத் தொடாதீர்கள். பெரும்பாக்கத்தில் 2023 மிக்ஜாம் புயலுக்கும் தண்ணீர் நின்றது. அதனால் இதை எல்லாரும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஆவணங்களைக் கீழ்த்தட்டில் வைக்காமல் மேலே வைப்பது இன்னும் நல்லது.

எல்லாவற்றையும்விட முக்கியம், பெயர் எழுதுவது. பல்லாவரத்தில் 1863 மே 30-ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். பழைய கற்காலக் கருவி. இந்தியாவில் கற்கால மனிதன் வாழ்ந்தான் என்ற ஆராய்ச்சிக்கே அதுதான் தொடக்கம். நம் வீட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அவர் சேர்த்தவை பிற்பாடு எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன. எது எங்கே கிடைத்தது என்று அவர் குறித்துவைத்ததால் அவை சான்று. குறிப்பு இல்லையென்றால் சரளைக் குவியலில் இன்னொரு கல். உங்கள் வீட்டு ஆல்பமும் அப்படித்தான். "இது யாரும்மா?" என்று கேட்டால் பதில் சொல்ல வீட்டில் ஒரே ஒருவர் இருப்பார், அவருக்கு எண்பது வயது இருக்கும். இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். போனில் பேச்சைப் பதிவு செய்துகொள்ளுங்கள். படத்தின் பின்புறம் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், பெயர், ஊர், வருஷம் எழுதுங்கள். கலர்ப் படத்தின் வழவழப்பான முதுகில் பென்சில் பிடிக்காது. ஒரு காகித உறையில் எழுதிவிட்டு அதற்குள் படத்தைப் போடுங்கள். "அம்மா, சித்தி, நான்" என்று எழுதாதீர்கள். உங்கள் பேரனுக்கு அந்த "நான்" யார்?

சேர்த்த படங்களை எனக்கு அனுப்புங்கள், வரிசைப்படுத்தி வைக்கிறேன். ஆதார் எண், வங்கி எண் தெரிகிற காகிதங்களைப் பொதுவில் போட வேண்டாம். புரோநோட்டு, கைநாட்டு வைத்த பாகப் பிரிவினைச் சீட்டு மாதிரியானவற்றை வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். பழைய பெட்டியைத் திறந்தால் பழைய சண்டையும் வெளியே வரும்.

கடைசியாக ஒன்று. இதோடு 1987 பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவை இணைத்திருக்கிறேன். ஸ்டூடியோக்காரர் அட்டையில் ஆசிரியர்கள் பெயரை மட்டும்தான் அச்சிட்டார். நாற்பத்திரண்டு பிள்ளைகளில் முப்பத்தேழு பேரின் பெயரை எழுதிவிட்டேன். மூன்றாவது வரிசையில் இடமிருந்து நான்காவது, இடது கையில் மாவுக்கட்டுப் போட்டு நிற்கிற பையன் யார்? அவனுக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டிருப்பவன் யார்? பின் வரிசையில் தலை பாதி மறைந்திருக்கிற மூன்று பேர் யார்? தெரிந்தவர்கள் ஊர்ப் பெயரோடு சொல்லுங்கள். பென்சில் சீவி வைத்திருக்கிறேன்.